ஒரே பக்கமாக ஓடிய பஞ்சு

என் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால், டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை என்றால், அப்படியென்றால் கம்பவுண்டரா என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவன் என்னதான் செய்கிறான் என்று நின்று கேட்டவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வயிற்றுக்குள் இருப்பவற்றின் பெயர்களை அவனிடம் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டேன். எழுதியதில் தப்பிருந்தால் அது என் தப்பு.

ஆப்பரேஷன் தியேட்டருக்கு ஒரு மாடி கீழே அவனுடைய அறை. தியேட்டரில் பயன்படுத்திய கருவிகள் ரத்தத்தோடும் பிசுக்கோடும் ஒரு சின்ன லிப்டில் இறங்கி வரும். அவற்றைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டியில் வேகவைத்து மேலே அனுப்புவது அவன் வேலை. அறையின் தரையில் நடுவாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். இந்தப் பக்கத்துச் செருப்போடு அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி மறந்துபோய்க் கோட்டைத் தாண்டியபோது, "சார், கால்" என்று என் தம்பி கத்திவிட்டானாம். அவர் பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளிக் குதித்ததை நர்ஸ்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

நர்ஸ்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அவன் மேஜையில் விளக்கோடு சேர்ந்த ஒரு பெரிய பூதக்கண்ணாடி இருக்கிறது. அதற்குக் கீழே வராத கருவி மேலே போகாது. வீட்டிலும் அவன் அப்படித்தான். சோப்பில் ஒட்டிய முடியை எடுத்துவிட்டுத்தான் குளிப்பான். அவன் மனைவி என்னிடம் சொல்வாள்: "அண்ணி, இவர் சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிடுது. பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் உத்து உத்துப் பாத்தாரு. ஆசையாப் பாக்குறாருன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

அந்த ஆஸ்பத்திரியில் வயிற்று ஆப்பரேஷன்களில் பெரும்பாலானவை இப்போது துளை போட்டுத்தான் நடக்கின்றன. பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம், எல்லாமே. எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தது பழைய முறையில். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு. இரண்டு மாதம் தண்ணீர் வாளி தூக்கக் கூடாது என்றார்கள். இப்போது தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்றும், மேலே மூன்றுமாக நான்கு சின்னத் துளைகள். பெரியது ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வரும். ஒன்றின் வழியாகக் கேமராவும் விளக்கும், மற்றவற்றின் வழியாகப் பென்சில் பருமன்கூட இல்லாத நீளக் கருவிகள். வயிற்றுக்குள் வாயு அடித்து உப்ப வைத்து, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சர்ஜன் வேலை செய்கிறார். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"வயிறுங்கிறது ஒரு ரூம் மாதிரிக்கா," என்று தம்பி எனக்கு விளக்கினான். "காத்தடிச்சுக் கூரையைத் தூக்கிட்டு உள்ள வேலை பாக்குறாங்க. ஆனா ரூம் முழுக்கத் தெரியாது. டார்ச் அடிக்கிற இடம் மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி இருட்டு."

இந்தக் கடைசிச் சொல்லை அவன் சும்மாதான் சொன்னான். நானும் சும்மாதான் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கருவிகளில் ஒன்றின் பெயர் ஹுக். முப்பத்து மூன்று சென்டிமீட்டர் நீளம். முனையில் மட்டும் கொக்கி போல வளைந்த உலோகம் தெரியும். மற்றபடி கைப்பிடி வரை முழுவதும் கறுப்பு உறை. சர்ஜன் காலால் ஒரு மிதியை அழுத்தினால் கொக்கியில் கரண்டு பாயும். அது பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து ரத்தம் கசியாமல் பிரித்துக்கொண்டே போகும். உறை நன்றாக இருக்கும்வரை கரண்டு முனைக்குத்தான் போகும். உறையில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகவும் பாயும். அங்கே குடல் ஒட்டிக்கொண்டு இருந்தால் குடலைச் சுட்டுவிடும். சுட்டது உடனே தெரியாது. ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அந்த இடம் நைந்து ஓட்டையாகி, குடலில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கசியும். அப்போது கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இந்தக் கீறலைக் கண்டுபிடிக்கத்தான் தம்பி பஞ்சு ஓட்டுவான். ஒரு துணுக்குப் பஞ்சை இரண்டு விரலால் உறையைச் சுற்றிப் பிடித்து, கைப்பிடியிலிருந்து முனைவரை மெல்ல இழுப்பான். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் பஞ்சில் ஓர் இழை மாட்டிக்கொள்ளும். மாட்டினால் கருவி, பழுதானவற்றைப் போடும் சிவப்புத் தொட்டிக்குப் போகும். மாட்டாவிட்டால் பூதக்கண்ணாடிக்குக் கீழே போகும். பன்னிரண்டு வருடமாக ஒரு கருவியைக்கூட அவன் பஞ்சு ஓட்டாமல் அனுப்பியதில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் கழுவி வைத்த தட்டுகளைக் காலையில் சோதித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை ராத்திரி வீட்டில் தகர டப்பாவைத் திறக்கும்போது வலதுகை ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டுவிட்டான். கட்டுப் போட்டு, அதற்கு மேல் கையுறை போட்டதில் விரல் தடித்துப்போய் மடங்கவில்லை. அதனால் கருவியை வலதுகையில் பிடித்துக்கொண்டு இடதுகையால் பஞ்சு ஓட்டினான். கை மாறியதில் திசையும் மாறிவிட்டது. பஞ்சு முனையிலிருந்து கைப்பிடிக்குப் போனது. இரண்டாம் எண் ஹுக்கில், முனையிலிருந்து ஒன்பதாவது சென்டிமீட்டரில், பஞ்சு நின்றது.

வெள்ளையாக ஓர் இழை நின்று ஆடியது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. வழக்கம்போலக் கைப்பிடியிலிருந்து முனைக்கு ஓட்டிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி முனையிலிருந்து இழுத்தான். மாட்டியது. பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. உறை மீன் செதில் போலப் பெயர்ந்திருந்தது. செதிலின் வாய் முனையைப் பார்த்திருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து தடவினால் படிந்துகொள்ளும், அந்தப் பக்கத்திலிருந்து தடவினால் நிமிர்ந்துகொள்ளும். துளையில் வைக்கும் உலோகக் குழாயின் விளிம்பு தேய்ந்து, கருவியை உள்ளே தள்ளும்போதெல்லாம் அதைச் சுரண்டியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், அவன் பஞ்சால் தடவிப் படிய வைத்துவிட்டுத்தான் அதற்குக் கீழே கொண்டுபோயிருக்கிறான்.

செதிலை ஊசியால் தூக்கிப் பார்த்தான். உள்விளிம்பு பழுப்பாகக் கருகியிருந்தது.

"புதுக் கீறல்னா வெளுப்பா இருக்கும்," என்று பிறகு என்னிடம் சொன்னான். "கருகியிருந்தா அது வழியா கரண்டு போயிருக்குன்னு அர்த்தம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பதிவேட்டைப் புரட்டினான். இரண்டாம் எண் ஹுக், திங்கட்கிழமை, மூன்றாவது ஆப்பரேஷன், பெண்கள் வார்டு, ஏழாவது படுக்கை. சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. வார்டிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது பதினோரு மணிக்கு.

பக்கத்திலேயே சிவப்புத் தொட்டி இருந்தது. உறை பழுது என்று ஒரு வரி எழுதி அதில் போட்டுவிட்டு வேறு ஹுக் எடுத்துக்கொள்ளலாம். விதியும் அவ்வளவுதான் சொல்கிறது. மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். "கை தொட்டி வரைக்கும் போச்சுக்கா," என்று அவனே சொன்னான். அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னதால் எழுதுகிறேன்.

அவன் ஹுக்கை ஒரு மூடிபோட்ட தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு முதலில் வார்டுக்குப் போனான்.

ஏழாவது படுக்கை அம்மாள் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தலை வாரி, செருப்புப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கணவர் ஜன்னலோரம் நின்று போனில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி தலைமை நர்ஸிடம் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஏழாம் பெட்டை இன்னைக்கு அனுப்பாதீங்க," என்றான்.

"ஏன்? டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சே."

"டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க."

"பூதக்கண்ணாடி, நீங்க சொல்லி நான் நிறுத்த முடியுமா? டாக்டர் தியேட்டர்ல இருக்காரு. போய் அவர்கிட்டயே சொல்லுங்க. பதினோரு மணி வரைக்கும் உங்களுக்கு டைம்."

காரோட்டி அம்மாளுக்குக் காது கூர்மை. "என்ன தம்பி, எம் பேர் அடிபடுது? ஒரு கல்லை எடுக்க நாலு ஓட்டை போட்டீங்க. அஞ்சாவது வேற போடணுமா?"

வார்டே சிரித்தது. தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாளிடம் அப்போது உண்மையைச் சொல்வது தன் இடமில்லை என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "கொஞ்சம் உக்காருங்கம்மா, வந்துடுறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினான்.

தியேட்டருக்குள் வெளி உடையோடு போக முடியாது. பச்சை உடை மாற்றி, தொப்பி, முகமூடி கட்டி, கதவுக்கு உள்ளே ஓர் அடி வைத்து நின்றான். விளக்கை அணைத்து டி.வி. வெளிச்சத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. சர்ஜன் திரும்பவில்லை. ஆப்பரேஷன் நடுவே அவரிடம் பேசுகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

"யாரது?"

"சார், கீழ கருவி அறைலருந்து."

"இப்பவேவா?"

"பதினோரு மணிக்கு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க சார்."

"யாரு?"

தம்பி சொன்னான். எந்தக் கருவி, எந்தப் படுக்கை, செதில், கருகல். எல்லாம் நாலைந்து வாக்கியத்தில். சர்ஜனின் கண் டி.வி.யிலேயே இருந்தது. கை மட்டும் நின்றுவிட்டது.

"முனைலருந்து எவ்வளவு தூரம்?"

"ஒம்பது சென்டிமீட்டர் சார். ஸ்கேல் வச்சு அளந்தேன்."

"கேமராவுல எனக்கு நாலு, அஞ்சுதான் தெரியும்," என்றார் அவர். யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "வார்டுக்குப் போன் பண்ணுங்க. அந்தம்மா எங்கயும் போகக் கூடாது. இதை முடிச்சுட்டு நானே வர்றேன்," என்றார்.

பத்தரை மணிக்கு அவர் தம்பியின் அறைக்கு வந்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்து நின்று, செருப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார்.

"நேத்துக் காலைல இதைச் சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன் சார்."

பதிவேட்டில் திங்கட்கிழமைக் காலைக் கட்டத்தில் அவனுடைய சரிக்குறியும் கையெழுத்தும் இருந்தன. அதோடு அவன் வாயை மூடியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். திங்கட்கிழமை ஆப்பரேஷனில்தான் உறை பெயர்ந்தது என்று எல்லோரும் எழுதி வைத்திருப்பார்கள். அவன் மேலே பேசினான்.

"ஆனா நேத்து இது இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது சார். நான் பஞ்சை ஒரே பக்கமாத்தான் ஓட்டுவேன். இங்க பாருங்க." ஓட்டிக் காட்டினான். வழுக்கியது. "இன்னைக்கு விரல்ல கட்டு. அதனால கை மாத்திப் பிடிச்சேன்." மறுபக்கம் ஓட்டினான். மாட்டியது. "பன்னெண்டு வருஷமா இப்படித்தான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

சர்ஜன் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இந்தப் பக்கமா ஓட்டணும்னு தோணியிருக்காது," என்றார். "வாங்க, அவங்ககிட்டப் போவோம். நீங்களும் வாங்க."

அவர் காரோட்டி அம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை. கருவியின் உறை பழுது, குடலில் சூடு பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம், இப்போதைக்கு எந்த ஸ்கேனிலும் தெரியாது, அதனால் நான்கைந்து நாள் இங்கேயே இருந்தால் நல்லது என்றார். கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. "பாத்துச் செய்ய மாட்டீங்களா? மனுஷ உடம்புங்க இது!" என்றார். என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன் டாக்டர், என் கார்ல ஒயர் தேஞ்சா பியூஸ் போயிடும். வண்டி நின்னுடும், பொழச்சுக்கும். என் வயித்துல பியூஸ் எதுவும் இல்லையா?" என்றார்.

"இல்லம்மா. வலிதான் பியூஸ். அது லேட்டாத்தான் போகும்."

அன்று இருந்தார். புதன்கிழமை காலையில் வலியில்லை, காய்ச்சலில்லை. வண்டி சும்மா நிற்கிறது, நல்ல உடம்போடு கட்டிலில் கிடக்க முடியாது என்று அடம்பிடித்து, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் கிளம்பிவிட்டார். சர்ஜன் ஒரு தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்தார்: வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், வயிறு கல் மாதிரி இறுகினால், வாந்தி வந்தால், எந்த நேரமானாலும் இந்த நம்பர்.

புதன்கிழமை சாயங்காலம் நான் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் கூடத்தில் உட்கார்ந்து குடைக்கம்பியில் பஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"நேத்துலருந்து இப்படித்தான் அண்ணி," என்றாள் அவன் மனைவி. "கரண்டி, பேனா, கதவுத் தாழ்ப்பாள், ஒண்ணும் பாக்கியில்ல. நான் அசையாம உக்காந்தா என்மேலயும் ஓட்டிடுவாரு."

அவன் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேய், கையெழுத்து இருந்துச்சுல்ல. பாத்தேன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? எதுக்கு நீயே போய் மாட்டிக்கிட்ட?"

"பாத்தேன்னு சொன்னா, அடுத்த வாரமும் எல்லாரும் அதே பக்கமாத்தான் பாப்பாங்கக்கா."

நான் சட்டைத் தையல் கூடத்தில் சரிபார்க்கிறவளாக வேலை செய்கிறேன். எங்களிடம் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, ஒட்டவைத்து முழு ஊசி ஆகும்வரை அந்த மேஜையிலிருந்து ஒரு சட்டை நகராது. எங்கள் மேஜையில் கிடப்பது சட்டை. அவன் மேஜையிலிருந்து போவது இன்னொருவர் வயிற்றுக்குள். இவ்வளவு கனமான வேலையை அவன் பார்க்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நானும் முழுதாகக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் காரோட்டி அம்மாள் இன்னொருவர் ஓட்டிய காரில் அவசரப் பிரிவு வாசலில் வந்து இறங்கினார். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அங்கே இருந்த டாக்டர் அந்தப் பிரிவுக்குப் புதியவர். வயிற்றுக்குள் வாயு அடித்து ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு அந்த வாயுவால் இரண்டொரு நாள் வலி இருப்பது சகஜம். அவரும் அதைத்தான் சொன்னார். "கேஸ் வலிம்மா. ஒரு மாத்திரை தர்றேன், நல்லா நடங்க."

"கேஸ் வலி எனக்குத் தெரியும் டாக்டர். திங்கக்கிழமை தோள்பட்டைல இருந்துச்சு, செவ்வாய்க்கிழமை போயிடுச்சு. இது வேற. இது காலைலருந்து ஏறிக்கிட்டே இருக்கு," என்று அந்த அம்மாள் தாளை நீட்டினார். "என் குடல்ல சூடு பட்டிருக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இந்த நம்பருக்குப் போன் போடுங்க. அப்புறம் நடக்குறேன்."

சர்ஜன் பத்து நிமிடத்தில் வந்தார். ஐந்து மணிக்கு அதே துளைகள் வழியாக மறுபடி கேமரா உள்ளே போனது. சிறுகுடலின் ஒரு மடிப்பில் பருப்பு அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு, நடுவில் குண்டூசித் துளை. கசிவு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. திட்டை வெட்டி எடுத்துத் தைத்து, வயிற்றைக் கழுவிவிட்டார்கள். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் மேலிருந்து கீழ்வரை கிழித்துத் திறக்க வேண்டி வந்திருக்கும், அப்போதும் பிழைப்பது நிச்சயமில்லை என்று சர்ஜன் சொன்னாராம். அந்த ஆப்பரேஷனுக்கு மேலே போன கருவிகள் எல்லாவற்றுக்கும் தம்பிதான் பஞ்சு ஓட்டி அனுப்பினான். நாற்பத்தோரு கருவிகளை இரண்டு பக்கமும் ஓட்டியதில் இன்னும் இரண்டு தொட்டிக்குப் போயின.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து அவனுக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, சோதனையில் குறை இருந்ததற்கான எச்சரிக்கைக் கடிதம். இன்னொன்று, இனிமேல் எல்லோரும் பஞ்சை இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கை. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. எச்சரிக்கைக் கடிதத்தை அவன் மனைவி கிழிக்கப் போனாள். "விடு, அதுவும் சரியான கடுதாசிதான்," என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அவன் காரோட்டி அம்மாளைப் பார்க்கப் போனான். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் இவனைக் கண்டதும் கையை அசைத்துக் கூப்பிட்டார். கணவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். ஆனால் இவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நீதான அன்னைக்கு ஓடி வந்த தம்பி?"

"ஆமாம்மா. நான்தான் அதைச் சோதிக்கிறவனும்."

"தெரியும், டாக்டர் சொன்னாரு. திட்டணும்னுதான் நெனச்சேன், வயிறு இழுத்துப் பிடிக்குது. நல்லானப்புறம் திட்டுறேன், ஞாபகம் வச்சுக்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு முன்னாடி அந்தக் கம்பியால யார் யாருக்குப் பண்ணாங்க? அவங்ககிட்டயும் இந்த மாதிரி தாள் இருக்கா?"

தம்பிக்கு அதே கேள்வி மனதில் ஓரமாக இருந்திருக்கிறது. மற்றவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது முன்னால் வந்து நின்றது. கருகல் என்றைக்கு ஏற்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நேராக சர்ஜனிடம் போனான். இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்ததென்றால் இதற்குள் தெரிந்திருக்கும், அந்த இரண்டு வாரத்துக்குள் யார் யார் என்று பாருங்கள் என்றார் அவர். பதிவேட்டில் இரண்டாம் எண் ஹுக்குக்கு நேராக, காரோட்டி அம்மாளைத் தவிர ஏழு பேர் இருந்தார்கள். தலைமை நர்ஸும் அவனும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார்கள். ஆறு பேர் எடுத்தார்கள். ஆறு பேரும் நலம். ஏழாவது ஆள் ஒரு பெயின்டர். காரோட்டி அம்மாளுக்கு நான்கு நாள் முன்னால் குடல்வால் எடுத்தவர். அவர் போன் அணைந்து கிடந்தது. மதியம், சாயங்காலம், இரண்டு வேளையும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அந்த முகவரி. "தனியா போகப் பயமா இருக்குக்கா. வர்றியா?"

இரண்டு பஸ் மாறிப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்த பிறகும் அவன் கதவைத் தட்டினான். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்க?"

"இங்க பெயின்டர் ஒருத்தர்... ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவர்..."

"அவனா? மூணாவது தெருவுல புது மாடி வீடு இருக்கு பாருங்க, அங்க வேலை பாக்குறான். சொன்னா கேக்குறானா? ஆஸ்பத்திரிலருந்து வந்து பத்து நாள்கூட ஆகல."

மூன்றாவது தெருவுக்கு என் தம்பி நடந்தான் என்று சொல்ல மாட்டேன். எனக்கு மூச்சிரைத்தது. அந்த வீட்டின் முன்னால் ஓர் ஏணி, ஏணியின் உச்சியில் ஓர் ஆள், இளநீல வண்ணத்தை ஜன்னல் விளிம்பில் இழுத்துக்கொண்டே விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ! உங்களுக்குக் காய்ச்சல் இருக்கா?" என்று தம்பி கீழேயிருந்து கத்தினான்.

விசில் நின்றது. "என்னது?"

"காய்ச்சல்! வயித்து வலி! வாந்தி!"

"யாருங்க நீங்க? காலங்காத்தால நல்ல வார்த்தையா நாலு சொல்ல மாட்டீங்களா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறோம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் ஏணியில் நின்றபடியே சட்டையைத் தூக்கி மூன்று சின்னப் பிளாஸ்திரிகளைக் காட்டினார். வலியில்லை, நன்றாகப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. போன் மட்டும் வெள்ளிக்கிழமை பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்து செத்துப்போய்விட்டதாம்.

அதோடு திரும்பியிருக்கலாம். தம்பி திரும்பவில்லை. ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை கண்டதிலிருந்து வியாழக்கிழமை நடந்ததுவரை எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னான். தான் எந்தப் பக்கமாகப் பஞ்சு ஓட்டினான் என்பதையும் சொன்னான். பெயின்டர் தூரிகையிலிருந்து வண்ணம் சொட்டுவதைக் கவனிக்காமல் கேட்டார்.

"அப்போ எனக்கும் ஆகியிருக்கலாம்."

"ஆகியிருக்கலாம். இத்தனை நாள் ஆனதால இனிமே ஆகாதுன்னுதான் டாக்டர் நெனைக்கிறாரு. ஆனா ஒரு வாரத்துக்கு வலி வந்தா விடாதீங்க. ஏணிலயும் ஏறாதீங்க."

பெயின்டர் இரண்டு படி இறங்கினார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"நேத்து சாயங்காலம் எழுந்து நாலடி நடந்தாங்க. நாளைக்குக் குழாயை எடுத்துடுவாங்க."

அவர் முழுக்க இறங்கி வந்தார். தம்பி வைத்திருந்த பட்டியலையும் பேனாவையும் வாங்கி, தன் பெயருக்கு நேராக அண்ணன் வீட்டு நம்பரை எழுதினார். கையைத் துடைக்க மறந்துவிட்டார். எழுதி முடித்துத் தாளைக் கொடுத்தபோது பெயருக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை இளநீலமாகப் பதிந்திருந்தது. "ஐயோ, அழுக்காக்கிட்டேனே," என்றார்.

"பரவால்ல," என்றான் என் தம்பி. எதிலும் ஒரு கறை பட விடாதவன், அந்த ஈரம் காயும்வரை தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதை சர்ஜனின் மேஜையில் வைத்தான்.